எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தப் பரிசோதனை: வாசகர் கேள்விகள்

பைபாஸ் (வயிற்றைச் சிறிதாக்கி, சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டி உணவைத் திருப்பிவிடும் அறுவை) முடிந்து 9 மாதம். ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு) 12. ரிப்போர்ட்டில் இரண்டுமே நார்மல். இரும்பு மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். பல லேப்களில் பெண்களுக்கான ஃபெரிட்டின் எல்லை 10, 11 என்றே தொடங்குகிறது. அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் குறி விழவில்லை. 30-க்குக் கீழே இறங்கினாலே இரும்புக் கையிருப்பு தீர்ந்துவருகிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும்.

இரும்பு அதிகம் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். பைபாஸில் உணவு அந்த வழியாகப் போவதே இல்லை. போதாததற்கு வயிற்று அமிலமும் குறைவு. மாதவிடாய் உள்ளவர்களுக்குக் குறை வராமல் தடுக்கவே தினம் 45–60 மி.கி. இரும்பு வேண்டும். உங்களுக்குக் குறை வந்துவிட்டதால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்; டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை அட்டையில் இரும்பு உப்பின் மொத்த எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 200 மி.கி. ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய 65 மி.கி.தான். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் பாதி வீண். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவதுதான் வழி.

இன்னொன்று: காய்ச்சல், சளி, ஏதாவது தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். அந்த வாரத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காதீர்கள்.

கால்சியம் 9.2, சரியாக இருக்கிறது. பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) மட்டும் 98, அதிகம். ஏன்?

உணவிலிருந்து கால்சியம் போதவில்லை. அதனால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தைச் சமாளிக்கிறது. அந்த 9.2-க்கு விலை கொடுப்பது எலும்பு. முதலில் வைட்டமின் டி பாருங்கள். 30-க்குக் கீழிருந்தால் அதை ஏற்ற வேண்டும். வழக்கமான அளவு தினம் 3,000 யூனிட் டி3. கால்சியம் நாளைக்கு 1,200–1,500 மி.கி., வேளைக்கு 500–600-க்கு மேல் போகாமல் பிரித்து. கார்பனேட் கரைய அமிலம் வேண்டும் என்பதால் சிட்ரேட் நல்லது. வைட்டமின் டி சரியான பிறகும் பி.டி.எச். இறங்காமல், கால்சியமும் மேல் எல்லையைத் தொட்டால் கதை வேறு; நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பாருங்கள்.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி4 அதிகம். தைராய்டு வந்துவிட்டதா?

மாத்திரையின் வேலையாக இருக்கலாம். பல லேப் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டும். 3 நாள் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள், அதற்குமுன் தைராய்டு மருந்து தொடங்க வேண்டாம். அறுவைக்குப் பின் 3–6 மாதத்தில் முடி கொட்டுவது வேகமாக எடை குறைவதால். பெரும்பாலும் தானே வளரும். பயோட்டினைவிடப் புரதமும் இரும்பும்தான் முக்கியம்.

ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை) செய்து 2 மாதம். யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது, நல்ல கொழுப்பு குறைந்திருக்கிறது.

கொழுப்பு கரையும் வேகத்தில் இரண்டும் நடக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், 6-ஆம் மாதம் திரும்பப் பாருங்கள். கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து வலித்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்; யூரிக் ஆசிட் மூட்டில் படிந்திருக்கலாம்.

பைபாஸ் செய்தவள், இப்போது 25 வார கர்ப்பம். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் சொல்கிறார்கள்.

பைபாஸ் செய்திருப்பதைச் சொல்லி மறுத்துவிடுங்கள். குளுக்கோஸ் ஒரேயடியாகக் குடலில் இறங்கும். வியர்வை, படபடப்பு, பிறகு சர்க்கரை தடாலென விழும். எண்ணும் நம்பத்தக்கதல்ல. பதிலாக ஒரு வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரால் வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் அளந்து எழுதிக் காட்டுங்கள். எச்.பி.ஏ.1சி (சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) மட்டும் போதாது. இரும்புக் குறைவில் அது கூடுதலாகக் காட்டும்.

6 வாரமாக அண்ணன் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. நடை தள்ளாடுகிறது. எந்த டெஸ்ட் எடுக்கலாம்?

டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் இன்றே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். இது தயாமின் (பி1) குறைவாக இருக்கலாம். நாள் தள்ளினால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரும். அறுவை செய்துகொண்டவர் என்பதை வாசலிலேயே சொல்லி, குளுக்கோஸ் டிரிப் ஏற்றுமுன் தயாமின் ஊசி போடச் சொல்லுங்கள்.