ஒரே அடாப்டர்ல அஞ்சு கிட்டார் பெடல் ஓட்டலாமா?

கேள்வி: டியூனர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ், டிஜிட்டல் டிலே, அஞ்சையும் 9 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர் ஒண்ணுலயே டெய்சி செயின் ஒயர் (ஒரு ஒயர்லயே பல பிளக் வரிசையா இருக்கும்) போட்டு ஓட்டுறேன் சார். டிலேவ மாட்டினா போதும், ஸ்பீக்கர்ல 'கீய்'னு ஒரு சத்தம், டிஸ்டார்ஷன் ஆன் பண்ணா இன்னும் ஏறுது. 1 ஆம்ப் ஜாஸ்தி, பெடல் எரிஞ்சிடும்னு ஃப்ரெண்டு வேற பயமுறுத்துறான். பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடல் ஒண்ணு வாங்கப்போறேன், அதையும் இதுலயே மாட்டலாமா?
- கோவை வாசகர்

பதில்: முதல்ல ஃப்ரெண்டு சொன்னத விடுங்க. 1 ஆம்ப்னா அடாப்டரால அவ்வளவு குடுக்க முடியும்னுதான் அர்த்தம், பெடல் தனக்கு வேண்டியத மட்டும்தான் இழுக்கும். டியூப் ஸ்க்ரீமர் மாதிரி ஓவர்டிரைவ் 10 மில்லிஆம்ப் கூட இழுக்காது, ஸ்ட்ரைமன் டைம்லைன் மாதிரி பெரிய டிலே 300 கேக்கும். எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, 1000-க்குள்ள இருந்தா கரண்ட் பிரச்சினை இல்ல. தப்பாப் போகக்கூடாதது வோல்ட்டும் போலாரிட்டியும்தான் (பிளக்ல எது பிளஸ், எது மைனஸ்ங்கிறது). பாஸ், ஐபனெஸ் கம்பெனில இப்போ வர்ற பெடலெல்லாம் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, நடுப்பின் நெகட்டிவ், ஆனா லைன் 6 கம்பெனியோட பழைய டிஎல்4 டிலே, அந்தப் பச்சைப் பெட்டி, 9 வோல்ட் ஏசி, அத இந்த செயின்ல மாட்டவே கூடாது.

சத்தத்துக்கு வருவோம். டிஜிட்டல் டிலேக்குள்ள ஒரு கிளாக் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால அது கரண்ட்ட சீரா இழுக்காம விட்டு விட்டு ரொம்ப வேகமா இழுக்கும், அந்தத் துடிப்பு நீங்க எல்லாத்துக்கும் பொதுவாப் போட்ட நெகட்டிவ் ஒயர் வழியா மத்த பெடலோட கிரவுண்டுக்கும் போயிடுது. பேட்ச் கேபிளோட ஷீல்டும் அதே கிரவுண்டுதான், ஆக ரெண்டு வழி சேர்ந்து ஒரு லூப். டிஸ்டார்ஷன் சும்மா இருக்குமா, வர்ற துளி சத்தத்தையும் பெருசாக்கிக் குடுக்கும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி டிலேக்கு மட்டும் தனி 9 வோல்ட் அடாப்டர் மாட்டிப் பாருங்க, மத்த நாலும் செயின்லயே இருக்கட்டும். சத்தம் நின்னா அதோட விஷயம் முடிஞ்சுது, பெரிய பவர் சப்ளை எதுவும் வேணாம்னுதான் நான் சொல்வேன்.

பின்னாடி பெடல் கூடி பவர் சப்ளை வாங்கியே ஆகணும்னா ஐசோலேட்டட் சப்ளையா, அதாவது ஒவ்வொரு அவுட்புட்டும் உள்ள தனித்தனியா பிரிஞ்சு இருக்குறதா பாத்து வாங்குங்க, வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ் அந்த ரகம்தான். மலிவா பத்து அவுட்புட்டோட வர்ற பெட்டில பாதி, மேல என்ன எழுதியிருந்தாலும் உள்ள நெகட்டிவ் எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும், அதாவது அதே டெய்சி செயின், டப்பா மட்டும் புதுசு. கடையிலயே பிளக்க உருவிட்டு, மல்டிமீட்டர பீப் மோட்ல வச்சு ரெண்டு அவுட்புட்டோட நடுப்பின்ன தொட்டுப் பாருங்க. பீப் அடிச்சா ஐசோலேட்டட் இல்ல. இன்னொண்ணு, ஒவ்வொரு அவுட்புட்டும் எத்தன மில்லிஆம்ப்னு படிங்க. 100 போட்ட அவுட்புட்ல 300 கேக்குற டிலேவ மாட்டினா ஓடாது.

ஃபஸ்ஸ செயின்ல மாட்டாதீங்க. அந்தப் பழைய ஜெர்மானியம் ஃபஸ்ல பலதும் பிஎன்பிங்கிற வகை டிரான்சிஸ்டர் போட்டது, அதுல பாசிட்டிவ்தான் கிரவுண்ட். மத்த பெடலுக்கு நெகட்டிவ் கிரவுண்ட். பேட்ச் கேபிள் வழியா ரெண்டும் சேர்ந்தா அடாப்டரே ஷார்ட். ஃபஸ் இழுக்குறது ரொம்பக் கம்மி, ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டா மாசக்கணக்குல வரும், வாசிச்சு முடிச்சதும் இன்புட் கேபிள உருவி வச்சிடுங்க, இல்லன்னா பேட்டரி சும்மாவே தீந்துடும்.