கனடாவில் முதல் வீடு: குளிர்காலத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

டொராண்டோ பக்கம் வீடு வாங்கி முதல் குளிர்காலம் என்கிறீர்கள். அக்டோபர் முடிவதற்குள் வெளிக்குழாயைப் பாருங்கள். என் கணக்கில் முதல் வேலை அதுதான்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். குழாய்க்குள் அடைபட்ட நீர் உறைந்தால் அழுத்தம் கூடிச் செப்புக் குழாயே பிளந்துவிடும். குழாய்க்குள் உறைந்தது உருகி நீர் ஓடும்போதுதான் சுவருக்குள் கசிவது தெரியும். அதனால் தோட்டத்து ஹோஸைக் கழற்றுங்கள். நிலவறையில் அந்தக் குழாய்க்கென்று இருக்கும் வால்வை மூடுங்கள். அப்புறம் வெளிக்குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீர் முழுக்க வடியவிட்டு, திறந்தபடியே விடுங்கள். ஊருக்குப் போனாலும் ஹீட்டரை அணைக்காதீர்கள், குறைத்து வையுங்கள் போதும்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை வருடம் ஒருமுறை ஆள் வைத்துச் சோதியுங்கள். ஃபில்டரை நீங்களே மாற்றலாம். அதன் புகைக்குழாய் வெளிச்சுவரில் தாழ்வாக இருந்தால், பனி கொட்டும் ஒவ்வொரு முறையும் அது குழாயின் வாயை மூடாதபடி தள்ளிவிடுங்கள். அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கும் அறைகளுக்கு அருகில் அதைக் கண்டறியும் அலாரம் கட்டாயம் வேண்டும்; தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும், கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் வாய்க்காலில் சேர்ந்த இலைகளை அள்ளுவதும் ஒரு சனிக்கிழமை வேலை.