சர்வர் அடிக்கடி கெர்னல் பேனிக் ஆகிறது, லாகில் எதுவும் இல்லை; இயங்குதளத்தை மறுபடி நிறுவிவிடலாமா?

மறுபடி நிறுவ வேண்டாம்; இப்போதைக்கு எதையுமே மாற்ற வேண்டாம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சர்வர் தானாக ரீபூட் ஆகிறது, லாகில் தடயம் இல்லை, மேலிடம் நெருக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே நிலையில் நான் ஏழு வாரங்கள் இருந்திருக்கிறேன். அவற்றில் ஐந்தை இந்த மறுநிறுவல் யோசனைதான் விழுங்கியது.

லாகில் எதுவும் இல்லாதது வியப்பல்ல. பேனிக் என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னல் மீள முடியாத பிழையால் தன்னை நிறுத்திக்கொள்வது. அந்தக் கணத்தில் அது தன் தரவுக் கட்டமைப்புகளையே நம்ப முடியாத நிலையில் இருக்கிறது. அப்போது கோப்பு முறைமையில் எழுதப் போனால் நல்ல தரவும் பாழாகலாம் என்பதால், கடைசி வரிகள் பெரும்பாலும் வட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. அதற்காகவே, விழும் கணத்தில் இருந்த நினைவகத்தைப் படியெடுத்து வைக்கும் கிராஷ் டம்ப் என்ற தனி வழி இருக்கிறது. லினக்ஸில் கிராஷ்கெர்னல் என்ற பூட் அளவுருவால் கொஞ்சம் நினைவகத்தை ஒதுக்கி, டம்ப் எடுக்கும் கேடம்ப் சேவையை இயக்கி வைத்தால், பேனிக் நேரும்போது அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்று எழுந்து, விழுந்த கெர்னலின் நினைவகத்தை விஎம்கோர் கோப்பாகச் சேமிக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் வழக்கமாக டம்ப் முதலில் ஸ்வாப் பகிர்வில் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) எழுதப்படும்; அடுத்த பூட்டில் சேவ்கோர் நிரல் அதை எடுத்துக் கோப்பாக வைக்கும். அமைத்தால் மட்டும் போதாது. பராமரிப்பு நேரத்தில் நாமே ஒரு பேனிக்கை வரவழைத்து டம்ப் உண்மையிலேயே விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கவில்லை, ஸ்வாப் சிறியதாக இருந்ததால் என் முதல் டம்ப் எழுதப்படாமலே போனது.

என்னுடையது ஃப்ரீபிஎஸ்டியில் ஓடிய ஒரு தரவுத்தள சர்வர். பதிப்பை உயர்த்திய வாரத்தில் பேனிக் தொடங்கியதால் எல்லோரும் அதைத்தான் காரணம் என்றார்கள், உயர்த்தியவன் நான். பழைய பதிப்புக்குத் திரும்பினேன். எட்டு நாள் அமைதியாக இருந்தது, ஒன்பதாம் நாள் மறுபடி விழுந்தது. திரையில் ஒருமுறை ஸெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் பெயர் தெரிந்ததால் அதன் மீது சந்தேகம் போயிற்று. இயங்குதளத்தை இரண்டு முறை புதிதாக நிறுவினேன், டியூனிங் மதிப்புகளை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றமும் முந்தைய நிலையின் தடயத்தை அழித்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

ஸ்வாப்பைப் பெரிதாக்கிய பிறகு மூன்று டம்ப்கள் கிடைத்தன. ஒன்று ஸெட்எஃப்எஸ்ஸில், அடுத்தது வலையமைப்பு அடுக்கில், மூன்றாவது மெய்நிகர் நினைவக நிர்வாகத்தில் விழுந்திருந்தது. ஒரே பிழைதான் என்றால் பேக்டிரேஸ், அதாவது விழும்போது ஓடிக்கொண்டிருந்த சார்புகளின் வரிசை, பெரும்பாலும் ஒரே இடத்தைக் காட்டும். தொடர்பில்லாத மூன்று இடங்களைக் காட்டினால் அந்த மூன்று நிரல்களையும் ஒருசேரச் சந்தேகிப்பதைவிட, அவை மூன்றும் நம்பியிருக்கும் நினைவகத்தைச் சந்தேகிப்பதே நியாயம். முதல் டம்பில் ஓர் இருவழிப் பட்டியலின் (ஒவ்வோர் உறுப்பும் முந்தையதையும் அடுத்ததையும் காட்டும் பட்டியல்) சுட்டியை, அடுத்த உறுப்பு பின்னோக்கிக் காட்டிய முகவரியோடு ஒப்பிட்டேன். பதினாறடிமான எண்ணில் 0 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது: ஒரே ஒரு பிட். மூன்றாவது டம்பிலும் அதே பிட் நிலையில்தான் பிழை. ஸெட்எஃப்எஸ் பெயர் தெரிந்ததற்கும் காரணம் புரிந்தது. அதன் கேஷ் நினைவகத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருந்ததால், பழுதான பிட் அதன் தலையில் விழ வாய்ப்பு அதிகம்.

நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரல் முதல் சுற்றில் பிழை ஏதும் காட்டவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் மறுபடி ஸெட்எஃப்எஸ் பக்கமே போயிருப்பேன். இரண்டு இரவுகள் ஓடவிட்டதில் ஏழாவது சுற்றில் பிழை வந்தது. பாதிப் பாதியாகக் கழற்றிச் சோதித்து, ஒரு மாட்யூலை மாற்றியதோடு பேனிக் நின்றது.

நினைவகப் பழுது அரிது, பெரும்பாலும் டிரைவர்தான் காரணம் என்று யாரேனும் சொல்லக்கூடும். நான் மறுக்கவில்லை. வேறொரு சர்வரில் ஐந்து டம்ப்களும் ஒரே நெட்வொர்க் டிரைவரின் ஒரே சார்பில் நின்றன. டிரைவரைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது. ஆகவே நினைவகத்தை உடனே மாற்றுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எது காரணம் என்பதை டம்ப் சொல்லட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு இன்றும் ஆறாதது வன்பொருள் வழங்கிய நிறுவனத்தின் பதில். “எங்கள் கண்காணிப்பில் நினைவகம் சரியாக இருக்கிறது, இது மென்பொருள் பிரச்சினை” என்று மூன்று முறை டிக்கெட்டை மூடினார்கள். அந்த இயந்திரத்தில் இருந்தது ஈசிசி (பிழை திருத்தும் வசதி) இல்லாத நினைவகம். ஒரு பிட் புரண்டால் ஈசிசி திருத்திவிட்டுப் பதிவும் செய்ய வைக்கும். அது இல்லாத இயந்திரத்தில் பதிவு செய்ய எதுவும் இல்லாததால் கண்காணிப்பு எப்போதும் பச்சையாகவே இருக்கும். உங்கள் சர்வரில் ஈசிசி இருந்தால் ஐபிஎம்ஐ (வன்பொருள் கண்காணிப்பு) நிகழ்வுப் பதிவையும், லினக்ஸ் என்றால் ஈடாக் காட்டும் நினைவகப் பிழை எண்ணிக்கைகளையும் இன்றே பாருங்கள்.

டம்ப் எழுதவே முடியாமல் விழுந்தால் சீரியல் கன்சோலை வேறொரு இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள். லினக்ஸில், கெர்னல் செய்திகளை வலையமைப்பு வழியாக அனுப்பும் நெட்கன்சோலும் உதவும். ஓடும் கெர்னலுக்கு உரிய டீபக் சிம்பல்களை (நினைவக முகவரிகளைச் சார்புப் பெயர்களாக மாற்றும் தகவல்) எடுத்து வையுங்கள். வேறு பில்டின் சிம்பல்களோடு படித்தால் பேக்டிரேஸ் தவறான சார்புகளைக் காட்டும். இரண்டு பேனிக்குகளின் பேக்டிரேஸையும், லினக்ஸ் என்றால் டெயின்டட் என்று தொடங்கும் பகுதியையும் (கெர்னலில் வெளி மாட்யூல் போன்றவை கலந்திருப்பதைச் சொல்வது) கேள்வியில் சேர்த்தால் நான் வந்து படித்துப் பார்க்கிறேன்.