ரீமா லாகூவை ஏன் காமெடி நடிகை என்கிறார்கள்?

இந்தி சினிமாவில் அம்மாவாகவே வந்தவரை மும்பைக்காரர்கள் ஏன் காமெடி நடிகை என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'வாஸ்தவ்' படத்தில் சஞ்சய் தத்துக்கே அவர்தான் அம்மா. நிஜத்தில் சஞ்சய் தத்தைவிட ஒரு வயதுதான் மூத்தவர்! சரி, அது சினிமாக் கணக்கு.

தொண்ணூறுகளில் மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த எங்களுக்கு அவர் 'ஸ்ரீமான் ஸ்ரீமதி' என்ற இந்தி டிவி காமெடித் தொடரின் கோகிலா. பக்கத்து வீட்டு மனைவி மேல் ஆளுக்கொரு கண் வைத்து அசடு வழியும் இரண்டு கணவர்கள். அவர்களில் ஒருவரின் மனைவி இவர். அப்புறம் 'தூ தூ மைன் மைன்' தொடரின் மாமியார். மருமகளாக சுப்ரியா பில்காவ்கர். இயக்கியது சுப்ரியாவின் கணவர் சச்சின்.

எங்கள் பாட்டிக்குக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் இந்தி தெரியும். ஆனாலும் அந்த மாமியார் உதட்டைச் சுழித்தாலே சிரிப்பாள். குக்கர் விசிலில் வசனம் கேட்காது என்று அம்மா அடுப்பையே அணைத்துவிடுவாள். ரீமா மராத்தி மேடையில் பழகியவர்; வசனம் வருமுன்பே முகத்தில் பாதி வந்துவிடும். அழுகைக் காட்சிகளைவிட இதுதான் கஷ்டம் என்பேன்.

2017 மே 18 அன்று, 58 வயதில் காலமானார். எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமி எழுதியது இரண்டே சொல்: "மாமியார் போயிட்டா."