வாசகர் கேள்வி பதில்: விண்ணிலிருந்து பார்க்கும் கடலும் பனியும்

தொலைக்காட்சியில் தினமும் மேகப் படம் காட்டுகிறார்கள். இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் 2017-இல் ஒக்கி புயலில் எங்கள் பகுதி ஏன் அத்தனை பேரை இழந்தது?
— வாசகர், தூத்தூர்

தொலைக்காட்சியில் நாம் காண்பது மேகங்களின் மேல்முகத்தை மட்டுமே. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் ஆகியவை எடுக்கும் அந்தப் படங்கள், மேகம் எங்கே திரள்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காட்டும். அதன் அடியில், கடல் மட்டத்தில் காற்று என்ன வேகத்தில் சுழல்கிறது என்பதை நேரடியாகக் காட்டாது. அதற்கு வேறு கருவி வேண்டும். 2022 நவம்பரில் ஏவப்பட்ட இஓஎஸ்-06 செயற்கைக்கோளில் உள்ள ஸ்கேட்டரோமீட்டர், கடல்மேல் நுண்ணலைகளைச் செலுத்தி, காற்று கிளப்பும் சிற்றலைகளில் பட்டு அவை எவ்வளவு வலுவுடன் திரும்புகின்றன என்பதிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் அளந்து தரும் வெப்பநிலை, ஈரப்பத அளவுகளும் இவற்றோடு சேர்ந்து கணினி மாதிரிக்குள் செல்கின்றன. முன்னறிவிப்பு என்பது அந்த மாதிரி போடும் கணக்கே தவிர, படத்தைப் பார்த்துச் சொல்லும் ஆரூடம் அல்ல.

ஒக்கியைப் பொறுத்தவரை, நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. கரைக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு விரைவாக வலுப்பெறும் புயலுக்கு எச்சரிக்கை தர எந்த மாதிரிக்கும் அவகாசம் குறைவு. ஆனால் அதைவிடப் பெரிய குறை வேறிடத்தில் இருந்தது என்பேன்: பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. கைப்பேசி அலை கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே அற்றுவிடும். செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கே அனுப்பும் ஜெமினி கருவி 2019-இல்தான் வந்தது. அதுவும் செய்தியைப் பெற மட்டுமே உதவியது. படகிலிருந்து பதில் அனுப்பவும் வசதியுள்ள டிரான்ஸ்பாண்டர்கள் அதற்குப் பிறகு பொருத்தப்பட்டு வருகின்றன.

இந்தச் செயற்கைக்கோள்களுக்கும் நம் பக்கத்து மகேந்திரகிரிக்கும் தொடர்பு உண்டா?
— மாணவி, ஆரல்வாய்மொழி

உண்டு. 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளைக் கொண்டுசென்ற ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜின் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்குவது), ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் சோதிக்கப்படும் வகையைச் சேர்ந்தது.

காற்றும் இல்லை, மழையும் இல்லை. திடீரென்று கடல் பொங்கி வீட்டு வாசலுக்கு வருகிறது. கள்ளக்கடல் என்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது?
— வாசகி, தேங்காய்ப்பட்டணம்

அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலிலிருந்து வருகிறது. அங்கே அடிக்கும் கடும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள், இடையில் தடுக்க நிலம் எதுவும் இல்லாததால், வடக்கு நோக்கி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 18 விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நகரும் என்பதால், 6,000 கிலோமீட்டர் கடந்து குமரிக்கு வர ஐந்து நாள் ஆகும். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே கடல் ஏறுவது அதனால்தான். கப்பல்கள் அரிதாகவே செல்லும் அந்தக் கடலில் அலையின் உயரத்தையும் காற்றையும் பரந்த அளவில் அளக்கச் செயற்கைக்கோளை விட்டால் வேறு வழி இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்த அளவுகளைக் கொண்டு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் இப்படித்தான் எச்சரிக்கை வந்தது; எனினும் மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அறிவிப்பு செய்தித்தாளில் வந்தால் போதாது; வெளியூரிலிருந்து வருபவர் கால் நனைக்கும் இடத்தில் அது கண்ணில் பட வேண்டும்.

அண்டார்டிகாவில் பனி உருகினால் நம் கரையில் கடல் ஏறுமா? அதை விண்ணிலிருந்து எப்படி அளக்கிறார்கள்?
— ஆசிரியர், மார்த்தாண்டம்

கடலில் மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறுவதில்லை என்றே சொல்லலாம். நிலத்தின் மேல் படிந்திருக்கும் பனி கடலில் சேர்ந்தால்தான் ஏறும். ஆகவே இரண்டையும் தனித்தனியே அளக்கிறார்கள். மிதக்கும் பனியின் பரப்பை, துருவத்தின் நீண்ட இருட்டிலும் மேகத்தினூடாகவும் பார்க்கவல்ல நுண்ணலைக் கருவிகள் 1978-இன் இறுதியிலிருந்து இடைவிடாமல் பதிவு செய்து வருகின்றன. நிலப்பனியை எடை போடுவது இன்னும் சுவையான வேலை. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. கீழே பனியின் நிறை மிகுந்த இடத்தில் முன்னே செல்வது ஈர்ப்பால் சற்று முந்த, இடைவெளி நூலளவு மாறும். அந்த நுண்ணிய மாற்றத்திலிருந்து பனியின் எடைக் குறைவைக் கணக்கிட்டார்கள். 2018 முதல் அவற்றின் வாரிசுகள் அதே பணியைத் தொடர்கின்றன.

நம் இன்சாட் வகை செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்பதால் துருவங்கள் அவற்றின் பார்வைக்கு எட்டுவதில்லை. சுமார் 100 நிமிடத்துக்கு ஒருமுறை துருவங்களைக் கடந்து சுற்றுபவையே அங்கே பயன்படும். அவற்றின் தரவுகளை இறக்குவதற்கென்றே அண்டார்டிகாவில் உள்ள நம் பாரதி நிலையத்தில் ஏற்பு மையம் இயங்குகிறது. 2025 ஜூலையில் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நைசார் என்ற ரேடார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்த்து, பனிப்பாறைகள் நகரும் வேகத்தை அளக்கக்கூடியது.

ஆனால், குமரிக் கரையில் இன்று நடக்கும் அரிப்புக்கெல்லாம் அண்டார்டிகாவைக் குற்றம் சொல்ல முடியாது. துறைமுகச் சுவர்களும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளும் மணல் நகரும் வழியை மறிப்பது அதைவிட அண்மையிலுள்ள காரணம்.