விந்தணு ரிப்போர்ட் நார்மல், ஆனால் கரு உருவாகவில்லை: கால்சியம் மாத்திரை உதவுமா?

கேள்வி: என் கணவருக்கு இருமுறை விந்தணுப் பரிசோதனை செய்தோம், இரண்டும் நார்மல். ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) பலன் தரவில்லை. சோதனைக் குழாய் முறையான ஐ.வி.எஃப்.பில் எடுத்த முட்டைகளில் ஒன்றுகூடக் கருவுறவில்லை. ‘விந்தணுவின் கால்சியம் சேனலில் கோளாறு இருக்கலாம், இக்சி என்ற ஊசி முறையைச் செய்து பார்ப்போம்’ என்கிறார் டாக்டர். கால்சியம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா? நாங்கள் சொந்தத்தில் மணந்தவர்கள்.

பதில்: மாத்திரை வேண்டாம், சகோதரி. விந்தணுவைச் சுற்றியுள்ள திரவத்தில் கால்சியம் ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் போல் பல்லாயிரம் மடங்கு உண்டு. அதை உள்ளே விடும் வாயில் திறக்காதவரை வெளியே கூட்டிப் பயனில்லை.

அந்த வாயிலின் பெயர் கேட்ஸ்பர். விந்தணுவின் வாலில் மட்டுமே இருக்கும் இந்தச் சேனல் 2001-ல் கண்டறியப்பட்டது. முட்டையை நெருங்கும்வரை இது பெரும்பாலும் மூடியிருக்க வேண்டும். விந்து திரவத்தில் உள்ள துத்தநாகம், அமிலத்தன்மை தரும் புரோட்டான் துகள்களை வெளியேற்றும் இன்னொரு சேனலை அடைத்து வைப்பதால் விந்தணுவின் உட்புறம் அமிலத்தன்மையோடு இருக்கும். 2-ஏஜி என்ற கொழுப்புப் பொருளும் கேட்ஸ்பரைத் திறக்கவிடாது. பெண்ணின் உடலுக்குள் துத்தநாகத்தின் பிடி தளர்ந்ததும் புரோட்டான்கள் வெளியேறி, உட்புறம் காரத்தன்மைக்கு மாறும்; இது கேட்ஸ்பர் திறக்க உதவும். முட்டையைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், ஏபிஎச்டி2 என்ற நொதியைத் தூண்டி 2-ஏஜியைச் சிதைக்கும். நொடிகளில் வாயில் திறந்து கால்சியம் பாயும். சாட்டையைச் சொடுக்குவது போல வால் வீசி அடிக்கும். அந்த வேகம் இல்லாமல் முட்டையின் கடினமான உறையைத் துளைக்க முடியாது.

புரோஜெஸ்டிரோனுக்கும் இந்தச் சேனலுக்கும் உள்ள தொடர்பை 2011-ல் ஜெர்மனியின் பான் நகரிலும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலும் இரு குழுக்கள் தனித்தனியே நிரூபித்தன. எலியின் கேட்ஸ்பர் புரோஜெஸ்டிரோனுக்கு இப்படித் திறப்பதில்லை. ஆகவே எலி ஆய்வைக் காட்டி விற்கப்படும் ‘விந்தணு வீரிய’ மருந்துகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வழக்கமான லேப் பரிசோதனை எண்ணிக்கை, நகர்வு, வடிவம் ஆகியவற்றைப் பார்க்கும். கேட்ஸ்பர் திறக்கிறதா என்று பார்க்காது. அதனால்தான் இந்தக் கோளாறு இருந்தும் ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். கருவுறாமைக்கு முட்டையின் தரமும் காரணமாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். இக்சியில் ஊசி வழியே விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவார்கள், வாலின் வீச்சு தேவைப்படாது. டாக்டர் சொல்வது சரியான வழி. சில ரத்த அழுத்த மாத்திரைகள் கால்சியம் சேனல்களை அடைப்பவை என்பதால், கணவர் ரத்த அழுத்த மாத்திரை எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இக்சிக்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போய் வாருங்கள். இந்தச் சேனலின் ஒரு பகுதியை உருவாக்கும் கேட்ஸ்பர்2 மரபணுவின் இரு நகல்களும் பழுதாக இருந்தால்தான் ஆணுக்குப் பாதிப்பு வரும். கணவருக்கு அது உறுதியானால், ஒரே குடும்பம் என்பதால் உங்களிடமும் ஒரு பழுதான நகல் இருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் மகனுக்கும் இதே பிரச்சினை வரலாம். இந்த மரபணுவின் அருகிலேயே கேட்கும் திறனுக்கான மரபணு ஒன்று இருக்கிறது. சில குடும்பங்களில் இரண்டும் சேர்ந்தே இழக்கப்படுகின்றன. கணவருக்கோ நெருங்கிய உறவினருக்கோ சிறுவயது முதல் காது மந்தம் இருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்ன பரிசோதனை தேவை என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள்.