கிணறா, மத்தளமா?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் மீளக் குடியேறிய சனத்துக்குக் கூத்துப் பழக்க எங்கள் சங்கம் காசு சேர்க்கிறது. கிணறும் வள்ளமும் இல்லாத இடத்தில் மத்தளம் எதற்கு, ஐயா?
– வாசகி, உவர்மலை

பதில்: கிணறும் வேண்டும் தங்கச்சி, அதில் மறுபேச்சில்லை. ஆனால் 2006இல் போருக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடிய சனம் கிளிவெட்டி முகாம்களில் கிடந்து, 2015க்குப் பிறகுதான் காணியைத் திரும்பக் கண்டது. இடையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கூத்தாடும் களரி தெரியாது.

கூத்துப் பழகுவதென்றால், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளுக்கொரு பாத்திரம் பிரித்துக் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம். ஒருவர் வராவிட்டால் ஆட்டம் நிற்கும்; வீடு தேடி ஆள் போகும். நிவாரண வரிசையில் நின்ற மனிசரை அப்படித் தேடி யார் போனார்கள்?

வடமோடிக் கூத்து வகையில் அபிமன்யு கதை ஆடிய இரவொன்றில், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், சுபத்திரை புலம்பும் இடத்தில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தொடங்கி, கடைசியில் வாய்விட்டே அழுதார். மத்தளக்காரர் அடியை நிறுத்தவில்லை, அழுகைக்கு இடம் விட்டு மெதுவாக வாசித்தார். சொந்த மகனின் பெயரைச் சொல்லி அழப் பயந்த காலம் அது. சுபத்திரையின் மகனுக்காக அழுவதை யார் தடுப்பது?

சரி, காசு விஷயம். மேடை, லைட், பொன்னாடை என்று கரைக்க விடாதீர்கள். நல்ல மத்தளம், சல்லரி என்னும் கைத்தாளம், பழக்க இரவுகளுக்குத் தேத்தண்ணிச் செலவு, அண்ணாவியாருக்குக் கைமரியாதை போதும். பெண் பிள்ளைகளையும் ஆட்டத்தில் சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.